மூன்று வருடம் கழித்து ஒரு கிளாஸ்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. குடித்த காலத்தின் கடைசி இரண்டு வருடங்களில் காலையில் எழுந்ததும் கை நடுங்கும், ஒரு பெக் உள்ளே போனால்தான் ஷேவ் செய்யவே முடியும். நீங்களாகவே நிறுத்திப் பார்த்தபோது ஒருமுறை வலிப்பு வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தீர்கள். இப்போது தூக்கம், பசி, வேலை எல்லாம் ஒழுங்காகிவிட்டன. ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் தேறிவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். குடிக்க வேண்டும் என்ற தவிப்பும் இல்லை. ஆகவே வருடத்துக்கு நாலைந்து முறை, விருந்துகளில் மட்டும், ஒன்றோ இரண்டோ கிளாஸ் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "மூன்று வருடம் கழித்தும் நான் நோயாளிதானா?" எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நேரடியான பதில் முதலில். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு அது பாதுகாப்பில்லை. விருந்துக்கு ஒன்று என்றாலும் வருடத்துக்கு ஒன்று என்றாலும் என் பதில் மாறாது. ஆனால் குடிநோய் ஒருமுறை வந்தவர் எவருக்குமே இனி ஒரு சொட்டும் ஆகாது என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதை நான் அப்படியே வழிமொழிய மாட்டேன். அது எல்லாருக்கும் உண்மை இல்லை. உண்மை இல்லாத ஒன்றைச் சொல்லி உங்களைத் தடுத்தால், விட்ட பிறகு அளவோடு குடித்துக்கொண்டு நன்றாக இருக்கிற ஒருவரை நாளைக்கு நீங்கள் பார்க்கும்போது, நான் சொன்ன மற்றதும் சேர்ந்து கவிழ்ந்துவிடும். மனநல மருத்துவராக இருபத்திரண்டு வருடம் ஆகிறது, அதில் பெரும்பகுதி குடிநோய்ப் பிரிவில்தான் போயிருக்கிறது. எது உறுதியானது, எதில் இன்னும் விவாதம் இருக்கிறது என்று பிரித்தே சொல்கிறேன்.

குழப்பம் 'குடிநோயாளி' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. வார இறுதிகளில் அளவு மீறிக் குடித்துவிட்டு வீட்டில் சண்டை போடுகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம். விடியற்காலையில் நடுங்கும் கையோடு பாட்டிலைத் தேடுகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வரையறைக் கையேடு இதை ஒரே கோட்டில் படிப்படியாக வைக்கிறது. மொத்தம் 11 அறிகுறிகள். ஒரு வருடத்துக்குள் இரண்டு மூன்று இருந்தால் லேசான நிலை, நான்கைந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் என்றால் கடுமையான நிலை. அளவோடு குடிக்கலாமா என்ற கேள்விக்கு லேசான நிலையில் இருந்தவருக்கு ஒரு பதில், கடுமையான நிலையில் இருந்தவருக்கு வேறு பதில். இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொண்டுதான் அறுபது வருடமாகச் சண்டை நடக்கிறது.

நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1976-இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் மதுச் சார்பு என்ற நிலை எப்படி இருக்கும் என்று வகுத்து எழுதினார்கள். உடம்புக்குப் பழகிப்போய் அளவு ஏறிக்கொண்டே போவது, நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, பதற்றம் வருவது, அதைத் தணிக்கவே காலையில் குடிப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று உண்டு. இடையில் எவ்வளவு காலம் விட்டிருந்தாலும், திரும்பக் குடிக்கத் தொடங்கினால் பழைய நிலை சீக்கிரமாகவே முழுசாக வந்துவிடுவது. முதல் தடவை அந்த நிலைக்குப் போய்ச் சேரப் பத்து, பதினைந்து வருடம் எடுத்திருக்கும். இரண்டாம் தடவை அதே தூரத்தைச் சில வாரங்களிலேயே, சிலர் சில நாட்களிலேயே கடந்துவிடுகிறார்கள். எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவு வேகம். இது எங்கள் துறையில் எல்லாரும் ஒப்புக்கொள்கிற விஷயம், நானே கண்ணால் பார்த்துப் பார்த்து அறிந்ததும்கூட.

இப்போது எதிர்ப்பக்கம். 1962-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டி. எல். டேவிஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றுப் போன 93 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் 7 பேர் ஏழு முதல் பதினொரு வருடம் வரை சாதாரணமாக, அளவோடு குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அதில் சொன்னார். பெரிய கூச்சல் எழுந்தது. அப்புறம் 1985-இல், நான் மேலே சொன்ன அதே எட்வர்ட்ஸ், அந்த ஏழு பேரையும் தேடிப் போய் விசாரித்தார். ஐந்து பேருக்கு இடையிலோ பின்னாலோ குடியால் பெரிய சிக்கல் வந்திருந்தது. முழுக் காலமும் பிரச்சினை இல்லாமல் குடித்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் தொடக்கத்திலேயே கடுமையான சார்பு நிலையில் இருந்தவர் இல்லை. டேவிஸ் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னவர்கள் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். குடியைப் பற்றி ஒருவரிடம் கேட்டு எழுதும் எந்த ஆராய்ச்சிக்கும் இந்தக் குறை இருக்கிறது, இன்றைக்கும்.

அடுத்தது இன்னும் கசப்பானது. 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் மார்க் சோபெல், லிண்டா சோபெல் என்ற தம்பதியர் குடிநோயாளிகள் 20 பேருக்கு அளவோடு குடிக்கப் பயிற்சி கொடுத்து, முழுசாக விடச் சொல்லிச் சிகிச்சை தரப்பட்ட இன்னொரு 20 பேரோடு ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் மேலாக இருப்பதாக முடிவு வந்தது. பத்து வருடம் கழித்து, 1982-இல், வேறொரு குழு அதே ஆட்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி பெற்றவர்களில் ஒரே ஒருவர்தான் அளவோடு குடித்துக்கொண்டிருக்கிறார், நான்கு பேர் குடியோடு தொடர்புடைய காரணங்களால் இறந்துவிட்டார்கள் என்று எழுதியது. மோசடி என்ற பேச்சு கிளம்பியது. விசாரணைக் குழு ஒன்று பார்த்து, மோசடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. இதில் பலரும் விட்டுவிடுகிற ஒரு விவரம் இருக்கிறது. முழுசாக விடச் சொன்ன குழுவிலும் அந்தப் பத்து வருடத்தில் இறப்புகள் குறைவாக இல்லை. கடுமையான குடிநோய் எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் ஆளைக் கொல்லக்கூடியது என்பதுதான் அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

எண்ணிக்கையாகப் பார்த்தால், எனக்கு அதிகம் உதவியது 2001–02-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய மக்கள்தொகை ஆய்வு. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எடுக்காமல், வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். முன்பு எப்போதோ மதுச் சார்பு நிலையில் இருந்தவர்கள் 4,422 பேர் அதில் கிடைத்தார்கள். அவர்களில் கணக்கெடுத்த நேரத்தில் சுமார் 18 சதவீதம் பேர் குடியை அறவே விட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு, சுமார் 18 சதவீதம் பேர், குறைந்த அளவில், எந்த அறிகுறியும் இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. இதை மறைக்கக் கூடாது. ஆனால் மூன்று வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அறவே விட்டிருந்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்குத்தான் பழைய அறிகுறிகள் திரும்பியிருந்தன. அளவோடு குடித்தவர்களில் சுமார் 27 சதவீதம். அறிகுறி இல்லை, ஆனால் அளவு கொஞ்சம் கூடுதல் என்று இருந்தவர்களில் சுமார் 51 சதவீதம். மூன்றே வருடத்தில் இந்த வித்தியாசம். இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: அந்த 4,422 பேரில் எந்த வகையிலாவது சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். அதாவது அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் உங்களைவிட லேசான நிலையில் இருந்தவர்கள். வலிப்பு வந்து மருத்துவமனையில் கிடந்த ஒருவர் அந்த 27 சதவீதத்தைத் தன் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கணக்கு அதைவிடப் பாதகமாகவே இருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநல மருத்துவரின் குழு வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. 1940-களிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 268 கல்லூரி மாணவர்கள், 456 நகர்ப்புற ஏழைச் சிறுவர்கள் என்று இரண்டு கூட்டங்கள், முதுமை வரைக்கும். அவர்களில் குடிநோய்க்கு ஆளானவர்களைப் பார்த்தபோது, ஐந்து வருடம் குடிக்காமல் தாண்டியவர்கள் திரும்ப விழுவது அரிதாக இருந்தது. அளவோடு குடிப்பதற்குத் திரும்பியவர்கள் கடைசி வரை அப்படியே நின்றதும் அரிதாக இருந்தது. நீங்கள் மூன்றாம் வருடத்தில் இருக்கிறீர்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள் என்று நான் சொல்வேன், இந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வழக்கமாக வருகிறது என்றும் சொல்வேன். முதல் வருடம் யாரும் என்னிடம் இதைக் கேட்பதில்லை. அப்போது பயம் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு கிளாஸ் குடித்தாலே உள்ளே ஏதோ பொத்தானை அழுத்தியது போல் ஆகிவிடும், அப்புறம் நிறுத்தவே முடியாது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அப்படியே சரியில்லை. 1973-இல் ஆலன் மார்லட் என்பவரும் சகாக்களும் ஒரு அழகான சோதனை செய்தார்கள். குடிநோயாளிகளிடம் சுவை பார்க்கும் சோதனை என்று சொல்லிப் பானங்களைக் கொடுத்தார்கள். சிலருக்கு உண்மையிலேயே வோட்கா கலந்தது, சிலருக்கு வெறும் டானிக் நீர். எது என்று சொன்னதையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். யார் அதிகம் குடித்தார்கள்? தாங்கள் குடிப்பது வோட்கா என்று நம்பியவர்கள். உள்ளே ஆல்கஹால் இருந்ததா இல்லையா என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. அதனால் மருந்தில் தெரியாமல் கலந்த ஒரு ஸ்பூன் ஆல்கஹால் உங்களை மறுபடியும் குடிகாரராக்கிவிடும் என்றெல்லாம் பயப்பட வேண்டாம். 'நான் இப்போது குடிக்கிறேன்' என்று தெரிந்தே செய்யும் முடிவில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, எல்லாம் மனசுதான், உறுதியாக இருந்தால் போதும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளை பழகியது பழகியதுதான். கண்ணாடிக் கோப்பையின் சத்தம், அந்த வாசனை, அந்த நேரத்து வெளிச்சம் எல்லாவற்றையும் அது இன்னும் குடியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். கல்லீரல் தேறியது உண்மையான நல்ல செய்தி. ஆனால் அந்தப் பரிசோதனைத் தாளில் மூளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வலிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து குடிக்கும்போது மூளை ஆல்கஹாலின் மந்தத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று குடி நின்றால், பிரேக் இல்லாமல் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். அதுதான் நடுக்கம், அதுதான் வலிப்பு. இப்படி ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அடுத்த முறை இன்னும் மோசமாக வரும் போக்கு இருக்கிறது. முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே உங்கள் சோதனை தோற்றால் நீங்கள் போய் நிற்கும் இடம் மூன்று வருடத்துக்கு முந்தைய அதே இடமாக இருக்காது. அதைவிடக் கீழே இருக்கும்.

இனி, இத்தனை ஆய்வுகளைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவதைச் சொல்கிறேன். முதல் கிளாஸ் பெரும்பாலும் நன்றாகவே போகும். ஆபத்தே அதுதான்.

பதினொரு வருடம் குடிக்காமல் இருந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஒரு விருந்தில் ஒரு கிளாஸ் ஒயின் குடித்தார். ஒன்றுதான். மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்திருந்து குடித்தார். வீட்டுக்கு வந்தார், தூங்கினார், மறுநாள் வேலைக்குப் போனார். தவிப்பு இல்லை, தலைவலிகூட இல்லை. பிற்பாடு என்னிடம் அந்த மறுநாள் காலையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "கண்ணாடி முன்னால் நின்று என் கையை நீட்டிப் பார்த்தேன் டாக்டர். ஆடவே இல்லை. இத்தனை வருடம் எல்லாரும் என்னைச் சும்மா பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றியது." அடுத்த கிளாஸ் ஆறு வாரம் கழித்து. அதுவும் நன்றாகவே போனது. அப்புறம் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் சனிக்கிழமைகளில் இரண்டு. ஒரு கட்டத்தில் விருந்து இல்லாத சனிக்கிழமையிலும். முதல் கிளாஸிலிருந்து எட்டாவது மாதம் அவரை என்னிடம் அழைத்து வந்தபோது, படிவத்தில் கையெழுத்துப் போட முடியாமல் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த எட்டு மாதத்தில் எந்த நாளில் அவர் விழுந்தார் என்று என்னால் சுட்டிக் காட்ட முடியவில்லை, அவராலும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப் போலத்தான் இருந்திருக்கிறது. நல்லவேளையாக அவர் மீண்டுவிட்டார். ஆனால் முதல் தடவையைவிட இரண்டாம் தடவை விடுவது அவருக்குக் கடினமாக இருந்தது. தான் விடக்கூடியவன் என்ற நம்பிக்கையே போய்விட்டிருந்தது.

இன்னொருவர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். அளவோடு குடிப்பேன் என்று தனக்குத்தானே திட்டம் போட்டு, ஒவ்வொரு கிளாஸையும் அதில் குறித்திருந்தார். முதல் ஐந்து வாரம் தேதி, நேரம், அளவு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள், ஒரே நீல மை. ஆறாவது வாரத்தில் 'நாளைக்கான ஒன்று இன்றைக்கே' என்று ஒரு குறிப்பு. அதற்கு அடுத்த பக்கத்தில், கடன் கணக்குப் போல, வரும் வாரங்களின் கிளாஸ்களிலிருந்து கழித்துக்கொண்டே போயிருந்தார். ஒன்பதாவது வாரத்தோடு எழுத்து நின்றுவிட்டது. அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் மதிப்புதான் வந்தது. அத்தனை உழைப்பு. ஆனால் குடிப் பிரச்சினையே இல்லாதவர் கிளாஸை எண்ணுவதில்லை. பாதியில் யாராவது கூப்பிட்டால் மீதியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார், வைத்ததும் அவருக்கு மறந்துவிடும். உங்களால் பாதிக் கிளாஸை மறக்க முடியுமா? முடியாது என்றால், ஒரு கிளாஸ் குடிப்பதற்கும் அடுத்ததைக் குடிக்காமல் இருப்பதற்கும் சேர்த்து எவ்வளவு மனசு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அறவே விட்டிருப்பது இப்போது உங்களுக்குச் செலவில்லாமல் போகிறது. தவிப்பே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் யாருக்கு அளவோடு குடிப்பது சாத்தியம்? விலகல் அறிகுறிகள் (குடியை நிறுத்தினால் வரும் நடுக்கம், வியர்வை, வலிப்பு போன்றவை) ஒருபோதும் வராதவர்கள், காலையில் குடித்தே இராதவர்கள், சிக்கல் தொடங்கிச் சில வருடங்களே ஆனவர்கள், வேலையும் குடும்பமும் இன்னும் நிலையாக இருப்பவர்கள். இவர்கள் சில மாதம் முழுசாக நிறுத்திவிட்டு, முன்கூட்டியே எழுதி வைத்த வரம்போடு, மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் முயன்றால், கணிசமானவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். குறைக்க உதவும் மருந்துகளும் இருக்கின்றன. நால்மெஃபீன் என்ற மருந்துக்கு 2013-இல் ஐரோப்பாவில் அனுமதி கொடுத்தார்கள், குடியைக் குறைப்பதற்காகவே. ஆனால் அந்த அனுமதியிலேயே, உடல்ரீதியான விலகல் அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று வரையறை இருக்கிறது. சிர்ரோசிஸ் என்ற கல்லீரல் நோய் வந்தவர், கணைய அழற்சி வந்தவர், குடியை நிறுத்தியபோது வலிப்போ கடும் மனக்குழப்பமோ வந்தவர், குடியால் நினைவாற்றல் கெட்டவர், தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிடுகிறவர், கருவுற்றவர் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பொதுவாகவே, உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இது குடிநோய் வராதவர்களுக்கும் சேர்த்துத்தான்.

என் பார்வைக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். விட்ட பிறகு அளவோடு குடித்து நன்றாக இருப்பவர் என் அறைக்கு வருவதில்லை. வரவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. என்னிடம் வருகிறவர்கள் எல்லாருமே அந்த முயற்சியில் தோற்றவர்கள்தான். எனவே என் அனுபவத்தை மட்டும் வைத்துப் பேசினால் உலகம் இருப்பதைவிட இருட்டாகத் தெரியும். அதனால்தான் வீடு வீடாகக் கேட்ட அந்த ஆய்வை எடுத்துச் சொன்னேன். அப்புறம், நான் உங்களை நேரில் பார்க்கவில்லை, உங்கள் பழைய மருத்துவக் குறிப்புகளைப் படிக்கவில்லை. உங்களுக்குச் சிகிச்சை கொடுத்தவரிடம் இதே கேள்வியை இதே வெளிப்படையோடு கேளுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் வலிப்பு உண்மை, காலைக் குடி உண்மை என்றால், அவரும் வேறு பதில் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கடைசி வரி. மூன்று வருடம் கழித்தும் நோயாளியா? என் கணக்கில் இல்லை. குணமானவர் என்றுதான் உங்களை எழுதுவேன். குணமானதற்கு ஆதாரம் திரும்பக் குடிக்க முடிவதுதான் என்று உங்களுக்கு எங்கிருந்து தோன்றியது என்று மட்டும் யோசியுங்கள். என்னிடம் இதைக் கேட்கிறவர்களிடம், அந்தக் கிளாஸ் உங்களுக்கு எதைக் கொடுக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன். சுவை என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. "எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் தனியாக நிற்கிறேன்", "ஏன் குடிக்கவில்லை என்று கேட்கிறார்கள், பதில் சொல்லிச் சலித்துவிட்டது", "என் மனைவி இன்னும் என் வாயை முகர்ந்து பார்க்கிறாள்". இவையெல்லாம் உண்மையான வலிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி தேடலாம். கிளாஸ் இதில் எதையும் தீர்க்காது, கடைசியாகச் சொன்னதை இன்னும் மோசமாக்கும். விருந்துக்குப் போய்ச் சேர்ந்த ஐந்து நிமிடத்தில் கையில் வேறு பானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வெறுங்கையோடு நிற்கிறவரைத்தான் வற்புறுத்துவார்கள். "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்ற இரண்டு வார்த்தை போதும், வாழ்க்கை வரலாறு தேவையில்லை. ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்பதைத் தவிர்க்கவே நான் சொல்வேன். பலவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். அந்தச் சுவையும் வாசனையும் பழைய முடிச்சுகளைத் தட்டி எழுப்பும்.

இந்த எண்ணம் வந்ததை வீட்டில் சொல்லிவிடுங்கள். குடிக்கப் போகிறேன் என்று இல்லை, இப்படி ஒரு எண்ணம் ஓடுகிறது என்று. மறைத்து வைத்த எண்ணம்தான் மறைத்துக் குடிக்கும் கிளாஸாக மாறுகிறது. எண்ணம் வலுத்தால் நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், விட்டவர் விட்டபடியே இருக்கவும் அவை உதவும். டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து) மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரைகூட ஆல்கஹால் பட்டால் உயிருக்கு ஆபத்தான எதிர்வினை வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்களோ என்ற எண்ணமும் எனக்கு இருக்கிறது. இப்படிக் கேட்கிறவர்களில் அது அபூர்வம் இல்லை. அப்படி என்றால், மூன்று வருடமும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற அந்த எண்ணம்தான் ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குகிறது என்று மார்லட்டே பின்னாளில் விரிவாக எழுதினார். மீதியைக் கொட்டிவிட்டு, இன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஒருநாள் இரண்டு நாள் என்றால் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தினமும் குடிக்கும் நிலைக்குப் போய்விட்டிருந்தால், வீட்டில் திடீரென்று நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வலிப்பு வந்திருக்கிறது. கடைசிக் குடியிலிருந்து 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் அது திரும்ப வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், கடும் நடுக்கம் எல்லாம் வந்தால் அது உயிர்போகும் நிலை. மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் நிறுத்துங்கள். போனதும் முன்பு வலிப்பு வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.